வெயில் தின்ற கிடா

கிடாவின் வயிற்றில் தோல் கட்டுவது எங்கள் பக்கத்தில் ஆண்கள் செய்யும் வேலை. எங்கள் முள்வேலிக்குள் மட்டும் அதைச் சிமலோய் அக்காதான் செய்வாள். கிடாவின் கழுத்தைத் தன் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, முறம் அகலத்துக்கு வெட்டிய மாட்டுத்தோலை அதன் அடிவயிற்றில் தொங்கவிட்டு, வாரை முதுகுக்கு மேலே இழுத்து முடிச்சுப் போடுவாள். அந்தத் தோல் தொங்கும்வரை கிடா எத்தனை முறை ஏறினாலும் காரியம் நடக்காது. ஏறும், முட்டும், இறங்கும். பிறகு பந்தியில் இலை கிடைக்காத விருந்தாளிபோல ஓரமாகப் போய் நிற்கும்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளிக் கட்டேன். நழுவுது பாரு" என்பேன்.

"பின்னால போனா அதோட விதைப்பையில உரசும். பைக்குக் காத்து வேணும்டி. ஆம்பளைக்குக் கோவம் தலையில, சத்து அங்க. ரெண்டுல எது சூடானாலும் உருப்படாது."

சொல்லிவிட்டு அந்தப் பையை ஒரு தரம் கையால் தாங்கிப் பார்ப்பாள், சந்தையில் மாம்பழத்தைப் பார்ப்பதுபோல. கெட்டியாக இருக்கிறதா, நெகிழ்ந்து கிடக்கிறதா என்று. முதன்முதலில் அதைப் பார்த்தபோது நான் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போது நான் வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

நான் இந்த வீட்டின் இரண்டாம் மனைவி. என் பெயர் நைபனோய். சிமலோய் மூத்தவள். எங்கள் இருவருக்கும் ஒரே புருஷன், மெபுகோரி. அவள் வீடு வேலி வாசலுக்கு வலப்பக்கம், என் வீடு இடப்பக்கம். இரண்டையும் கட்டியது அவள். எனக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி வந்ததும் சாணம் குழைத்து, கிளை வளைத்து, தன் சக்களத்திக்குத் தானே சுவர் எழுப்பினாள். "வர்றவ கட்டட்டுமே" என்று யாரோ சொன்னதற்கு, "வந்த அன்னைக்கே மழையில நனைஞ்சா எங்கிட்டதான் வந்து படுப்பா. எனக்கு இடம் பத்தாது" என்றாளாம். அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

என்னை ஏன் கொண்டுவந்தார்கள் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. சிமலோய்க்குப் பிள்ளை இல்லை. மூன்று மழை பார்த்துவிட்டு மாமியார் என்னைப் பெண் கேட்டு வந்தாள். வந்த பிறகு எனக்கும் இரண்டு மழை ஒன்றும் தங்கவில்லை. "வந்தவளும் மலடா?" என்று வேலிக்கு வெளியே பேசினார்கள். அந்த வருஷங்களில் மெபுகோரி கோடை முழுவதும் உப்பு ஏரிக் கரையில் மாடு மேய்த்தார். அங்கே நிழல் என்பது மாட்டின் நிழல்தான். சில வாரங்களுக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து அவரைப் போட்டு உலுக்கும். கண் மஞ்சளாக இருக்கும். அதை யாரும் ஒரு பேச்சாக எடுக்கவில்லை. காய்ச்சல் எல்லா ஆம்பளைக்கும் வருவதுதானே.

பிறகு பெரும்பஞ்சம் வந்தது. வீட்டோடு, மாட்டோடு மலையேறி லொய்த்தாவுக்குப் போனோம். காடு, குளிர், போர்வை இல்லாமல் தூங்க முடியாது. இரண்டு மழைக்காலம் அங்கேயே இருந்துவிட்டோம். மெபுகோரிக்குக் காய்ச்சல் விட்டது, கொழுப்புச் சாப்பிட்டார், கன்னத்தில் சதை போட்டார். அங்கேதான் நானும் அக்காவும் ஒரே மாதத்தில் தரித்தோம். அவளுக்குக் குந்தாய், எனக்கு ஒரு பெண். "ஒரே மழையில ரெண்டு காளான்" என்று பெண்கள் சிரித்தார்கள். மலைத்தண்ணீர் பொம்பளைகளுக்கு ஆகிவந்தது என்று பெரியவர்கள் முடிவு சொன்னார்கள். எல்லோரும் அதை நம்பினோம். அக்கா நம்பினாளா என்று நான் கேட்டதில்லை.

ஆனால் அதற்குப் பிறகுதான் அவள் கிடாவைக் கவனிக்கத் தொடங்கினாள் என்று எனக்கு நினைவு. எந்தக் கோடையில் எந்தக் கிடா எங்கே மேய்ந்தது, மழைக்குப் பின் எப்போது தோலை அவிழ்த்தோம், எத்தனை பெட்டைகள் சினைப்பட்டன, எத்தனை பிடிக்காமல் மறுபடி கத்திக்கொண்டு வந்தன என்று எல்லாம் அவள் தலையில் இருக்கும். ஒரு வருஷம் அவளும் கணக்குத் தவறினாள். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று அவிழ்க்காமல் வைத்திருந்ததில் குட்டிகள் மழை ஓய்ந்தபின் விழுந்தன. புல் காய்ந்துவிட்டது, தாய்க்குப் பால் இல்லை, பாதிக்கு மேல் செத்தன. அந்தக் குட்டிகளை ஒவ்வொன்றாக அவளே தூக்கிக்கொண்டு போய் வெளியே போட்டுவிட்டு வந்து, "என் தப்பு" என்றாள். எங்கள் ஊரில் ஆடு விஷயத்தில் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்ன ஆளை நான் வேறு பார்த்ததில்லை.

இப்போது குந்தாய்க்கே கல்யாணமாகிவிட்டது. அவன் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். வாய்க்கால் ஓரத்துத் தோட்டங்களிலிருந்து தக்காளிக் கூடைகளைக் கட்டிக்கொண்டு, கொதிக்கிற சமவெளியைக் கடந்து தார்ச்சாலைச் சந்தைக்குப் போவான். சீட்டில் முட்டையை வைத்தால் வெந்துவிடும். அவன் மனைவி ரெசியாத்தோ. அதிகம் பேசாத பெண். ஆனால் சிரித்தால் அடுப்படி தாண்டிக் கேட்கும். பால் கறப்பதில் அவள் கை வேகம் எனக்கு இந்த வயதிலும் வரவில்லை.

அவளுக்கும் இரண்டு மழை கழிந்தது. வயிறு நிறையவில்லை.

மருத்துவமனை நர்ஸிடம் அவளாகவே போய் வந்தாள். "உங்கிட்ட ஒண்ணும் தெரியல. அடுத்த தரம் அவனையும் கூட்டிட்டு வா" என்றிருக்கிறாள் நர்ஸ். குந்தாய் போகவில்லை. "எனக்கென்ன நோவு? நான் குழந்தையா பெக்கப் போறேன்?" என்று வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டான்.

மெபுகோரிக்கு ஒரு வழிதான் தெரியும். லொய்த்தாவில் அவருடைய பழைய தோழர் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். தேன் கொண்டுபோய்க் குந்தாய்க்குப் பெண் கேட்டால் ஆயிற்று. இரண்டாவதாக ஒருத்தி வருவது தப்பு என்று நான் எந்த வாயால் சொல்வேன்? நானே அப்படி வந்தவள். ஆனால் நான் வந்தபோது சிமலோயின் பெயர் கெடவில்லை, அவள் கெடவிடவில்லை. ரெசியாத்தோவின் கதை வேறு. பிள்ளை இல்லாதவள் என்பதோடு ராசி கெட்டவள் என்ற பெயரும் சேர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெயர் விழுந்துவிட்டால் அவள் கறந்த பாலைக்கூட யாரும் குடிக்கமாட்டார்கள். பிறகு அவளாகவே ஒருநாள் தாய்வீட்டுக்கு நடந்துவிடுவாள்.

மாமனார் மருமகளிடம் நேராகப் பேசக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே மெபுகோரி ஆடுகளிடம் பேசினார். ரெசியாத்தோ குனிந்து பால் கறந்துகொண்டிருப்பாள். அவர் வேலி ஓரம் நின்று, "ஏ வெள்ளாச்சி, இந்த மழைக்கு நீயாவது சினை பிடிப்பியா? இல்ல, உன்னைத் தொடுற கையோட ராசிதான் உனக்குமா?" என்பார். வெள்ளாடு அசை போடும். ரெசியாத்தோவின் கை ஒரு கணம் நின்று மறுபடி ஓடும்.

"ஆட்டுக்குக் காது கேக்குது. பதில்தான் சொல்லத் தெரியல. எனக்குத் தெரியும், சொல்லட்டுமா?" என்று சிமலோய் தன் வாசலிலிருந்து குரல் கொடுப்பாள். அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார்.

அந்த வருஷக் கோடை கொடுமையானது. ஊரில் பாதிப்பேர் மந்தையை மலைமேல் ஓட்டிவிட்டார்கள். மெபுகோரிக்கு மலைமேல் இருக்கும் தம்பியோடு மனஸ்தாபம். அதனால் கறவை ஆடுகளை வீட்டில் விட்டுவிட்டு, மற்றவற்றையும் எங்கள் பெரிய கிடா கருங்கழுத்தையும் உப்பேரிக் கரைக்கே ஓட்டிப் போனார். திரும்பி வந்தபோது கிடாவுக்கு விலாவெலும்பை எண்ணலாம். அக்கா அதன் பையைத் தாங்கிப் பார்த்தாள். பிறகு கையைச் சாம்பலில் தேய்த்துக்கொண்டாள்.

முதல் மழை ஒரு மதியத்தில் வந்து மண்ணை நனைத்துவிட்டுப் போனது. மறுநாள் காலையே ஊரில் எல்லா வேலியிலும் கிடாக்களின் தோல் அவிழ்ந்தது. மெபுகோரியும் முடிச்சில் கை வைத்தார்.

"இப்ப அவுக்காதீங்க" என்றாள் சிமலோய்.

"ஊரே அவுத்தாச்சு."

"ஊர்க் கிடா மலைக்காத்துல இருந்துட்டு இறங்கினது. நம்மது உப்புக்கரையில வெந்தது. புல்லு முளைக்கட்டும், தின்னட்டும், நிழல்ல கிடக்கட்டும். வெயில் தின்ன சத்து ஒரு மழையில திரும்பாது."

"மழை வாசம் பட்டதும் எப்படி நிக்குது பாரு! மேலுதட்டைச் சுருட்டிக்கிட்டு! இதுக்கா சத்து இல்லங்கிற?"

"ஏறுறதுக்கு ஆசை போதும். சினைக்கு சத்து வேணும்."

"உனக்குக் கிடாவைப் பத்தி என்ன தெரியும்?"

"கிடாவைப் பத்தி மட்டுந்தான் தெரியும்னு வச்சுக்குங்களேன்."

நான் சிரித்துவிட்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று. மெபுகோரி ஒரே இழுப்பில் வாரை அறுத்தார்.

அன்று கருங்கழுத்து போட்ட ஆட்டத்தை ஊரே வேடிக்கை பார்த்தது. ஒரு பெட்டையை விடவில்லை. தாடியில் மூத்திரத்தைத் தெளித்துக்கொண்டு, கனைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றை விரட்டியது. மெபுகோரி கல்லில் உட்கார்ந்து பார்த்தார், தானே அத்தனையும் செய்ததுபோல ஒரு பெருமிதம்.

மூன்று வாரம் போலக் கழிந்திருக்கும். பெட்டைகள் ஒவ்வொன்றாகக் கத்தத் தொடங்கின. வாலை ஆட்டிக்கொண்டு மறுபடி கிடாவின் பக்கம் போய் நின்றன. ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

அதன்பிறகு தண்ணீர்க் குழாயடியில் பேச்சு மாறியது. பக்கத்து வேலியின் நூன்கிபாதான் தொடங்கினாள். கெட்டவள் இல்லை, வாய் நிற்காது. "கிடாவுக்கு என்ன குறை? சிங்கம் மாதிரி திரியுது. பெட்டைங்கதான் ஏந்த மாட்டேங்குது. கறக்கிற கை எதுன்னு பாருங்க" என்றாள். ரெசியாத்தோ பின்னால் குடத்தோடு நிற்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மெதுவாகச் சொல்லியிருப்பாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் காலை ரெசியாத்தோ கறக்க வரவில்லை. சுரைக்குடுவையைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டு, "சின்னத்தே, இன்னைலருந்து நீங்க கறந்துக்குங்க" என்றாள். நான் அதைத் தொடுவதற்குள் சிமலோய் வந்தாள். குடுவையை எடுத்து மருமகள் கையில் திணித்தாள்.

"பாலைக் கறந்துட்டு ஒரு கயிறு எடுத்துட்டு வா."

"எதுக்கு அத்தே?"

"வெள்ளாச்சியையும் அந்தக் காதறுந்ததையும் கட்டு. நீயே கட்டு. எல்லாரும் பாக்குற மாதிரி நடு வழியில ஓட்டிட்டு வா."

நூன்கிபாவின் வேலிக்குப் போனார்கள். நானும் பின்னால் போனேன், இதைத் தவறவிடுவேனா?

"உன் கிடாவைக் கொஞ்சம் குடு" என்றாள் சிமலோய்.

நூன்கிபா இடுப்பில் கை வைத்தாள். "ஏன், உன் சிங்கத்துக்கு என்ன வந்துச்சு?"

"பிடரி இருக்கு. அதுக்குமேல தெரியல."

"அது சரி, ஆட்டை இவளா பிடிச்சுட்டு வந்தா?"

"இவதான். இவ கறந்த ஆடு, இவ கட்டின கயிறு, இவ கையில பிடிச்சுக்கிட்டு நிப்பா. உன் கிடா மட்டும் உன்னோடது. பிடிக்கலன்னா குழாயடியில நானே எல்லாருக்கும் சொல்றேன், நூன்கிபா சொன்னதுதான் சரின்னு. பிடிச்சா நீ சொல்லணும். சரியா?"

நூன்கிபாவின் கிடா லொய்த்தாவில் கோடை கழித்தது. பளபளவென்று இருந்தது. கருங்கழுத்தைப்போல ஆட்டம் போடவில்லை. வந்தது, முகர்ந்தது, வேலையை முடித்தது, தழை தின்னப் போய்விட்டது. ரெசியாத்தோ கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கண்ணை வேறு பக்கம் வைத்திருந்தாள். அவள் உதடு அசைந்தது. ஏதோ வேண்டிக்கொண்டாள் போல.

வீட்டுக்கு வந்ததும் சிமலோய் கருங்கழுத்துக்குப் புதுத் தோலை வெட்டிக் கட்டினாள். மெபுகோரி பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. கிடாவை வாய்க்கால் பக்கத்து அத்திமர நிழலில் கட்டிப்போட்டு, குடைவேல நெற்றுகளை ரெசியாத்தோ பொறுக்கிவர, இவள் வேளாவேளைக்குத் தின்னக் கொடுத்தாள். "மாப்பிள்ளை விருந்து" என்று நான் கேலி செய்தேன். "மாப்பிள்ளைக்கு இதைச் செஞ்சா மாமியார் பேர் நிலைக்கும். கிடாவுக்குச் செஞ்சா மருமக பேர் நிலைக்குது" என்றாள்.

வெள்ளாச்சி மறுபடி கத்தவில்லை. காதறுந்ததும் கத்தவில்லை. குழாயடியில் நூன்கிபா தானாகவே எழுந்து, "பிடிச்சிருச்சு. என் கிடா நல்ல கிடா" என்று அறிவித்தாள். அவளிடமிருந்து அவ்வளவுதான் வரும். ஆனால் அன்று தன் குடத்துக்கு முன்னால் ரெசியாத்தோவின் குடத்தை வைக்கவிட்டாள்.

புல் கணுக்கால் தாண்டி வளர்ந்து, கிடாவின் முதுகில் மினுக்கு ஏறிய பிறகு ஒருநாள் அக்கா அதன் பையைத் தாங்கிப் பார்த்துவிட்டு, "இப்ப" என்றாள். அவளே அவிழ்த்தாள். மற்ற பெட்டைகளில் ஒன்றிரண்டு போக எல்லாம் பிடித்தன. அடுத்து வந்த நீள்மழைக்காலத்தில், கொஞ்சம் பிந்திதான், குட்டிகள் விழுந்தன. கடைசியில் விழுந்தவற்றுக்கும் பச்சைப் புல் மிச்சமிருந்தது. மெபுகோரி ஒரு குட்டியைத் தூக்கி அதன் தலையில் துப்பி ஆசீர்வதித்து, "கருங்கழுத்து ரத்தம் இல்லையா!" என்றார். வெயில், உப்புக்கரை, அறுந்த வார், எதுவும் அவர் ஞாபகத்தில் இல்லை. வெள்ளாச்சியின் குட்டி யாருடைய ரத்தம் என்று யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

இதோடு லொய்த்தாப் பேச்சு அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. சில நாள் கழித்துக் காலையில் அவர் புதுப் போர்வை போட்டுக்கொண்டு சிமலோயின் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தார். முந்தின நாள் நிரப்பிய தேன்குடுவை அவள் வீட்டுக் கம்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அடுப்பருகில் உட்கார்ந்து பாலில் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"கிளம்பியாச்சா?" என்றாள் சிமலோய்.

"வெயிலுக்கு முன்னால மலையேறிடணும்."

"கையில ராசியில்லன்னு சொன்னீங்க. அந்தக் கை பிடிச்ச ஆடு ரெண்டும் முதல்ல குட்டி போட்டுச்சு. இன்னும் எதுக்குப் போறீங்க?"

"ஆடு வேற, பொம்பளை வேற. பையனுக்குப் பிள்ளை வேணாமா?"

"வேணும். அதனாலதான் சொல்றேன். முதல்ல அவனை நர்ஸ்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நீங்க சொன்னா போவான், நான் சொன்னா வண்டிய உதைப்பான். நர்ஸ் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா நானே இந்தக் குடுவையைச் சுமந்துக்கிட்டு உங்ககூட லொய்த்தாவுக்கு வர்றேன்."

"என் மகன் ஆம்பளைடி."

"யாரு இல்லன்னா? கருங்கழுத்தும்தான்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "கிடாவையும் மனுஷனையும் ஒண்ணாப் பேசுற. வயசாக ஆக உன் வாய்..."

"சரி, கிடாவை விடுங்க." சிமலோய் குரலைத் தாழ்த்தினாள். அவள் அப்படித் தாழ்த்தி நான் அதிகம் கேட்டதில்லை. கையில் இருந்த சுரைக்குடுவையின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினாள். "எனக்கு மூணு மழை தங்கல. இவளைக் கொண்டுவந்தீங்க. இவளுக்கு ரெண்டு மழை தங்கல. மூணாவதா ஒருத்தியைப் பாக்க உங்கம்மா கிளம்பினா. அப்புறம் பஞ்சத்துல மலைக்குப் போனோம். உங்களுக்குக் காய்ச்சல் விட்டுச்சு. அந்த மழையிலேயே நாங்க ரெண்டு பேரும் ஒரே மாசத்துல தரிச்சோம். இத்தனை வருஷமா நான் இதைக் கேட்டதில்ல, இப்பவும் உங்களைக் குறை சொல்லக் கேக்கல, நம்ம மருமகளுக்காகக் கேக்கறேன். குந்தாய் அப்பா, அந்த மலையில யாருக்குக் குணமாச்சு? எனக்கா, இவளுக்கா?"

நான் கலக்குவதை நிறுத்திவிட்டேன். மெபுகோரி என்னைப் பார்த்தார். நான் கரண்டியைப் பார்த்தேன்.

அவர் எழுந்தார். கை மேலே கம்பை நோக்கிப் போயிற்று, தேன்குடுவையின் வாரில் விரல் பட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கீழே இறங்கி, சுவரில் சாத்தியிருந்த கைத்தடியை மட்டும் எடுத்துக்கொண்டது. சிமலோய் தன் உயரத்துக்கு அளந்து கட்டிய வாசல் அது. தலை குனிந்து, தோளை ஒடுக்கி அவர் வெளியே போனார்.